ஒன்பதாம் எண்ணும் வண்டுப் புத்தகமும்

போன மாதம் நான் வேலை பார்த்த ஆய்வு நிலையத்திலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வுபெற்ற வருஷம் இவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். ஒருத்தி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் ஒரு நீல வட்டம் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

"இதுகூடவே மூச்சு விடணும் மேடம். பத்து நிமிஷம். கவனம் கூடும், மனசு லேசாகும். மைண்ட்ஃபுல்னெஸ்னு சொல்வாங்க" என்றாள். பிறகு, "நீங்க அந்தக் காலத்துலயே இதே ஆராய்ச்சியில இருந்தீங்களாமே? கடைசியில என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

காபி குடிக்கிறீர்களா என்று கேட்டுச் சமாளித்தேன். அவர்கள் போன பிறகு என்மேலேயே எரிச்சலாக வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கியிருக்கிறேன், ஒற்றைக் கேள்விக்குப் பதில் இல்லை. சொல்ல வராததை எழுதியாவது பார்ப்போம் என்றுதான் இந்தக் காகிதத்தை எடுத்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. பி.எஸ்.சி. பௌதிகம் முடித்தேன். சிம்மக்கல்லில் மளிகை மண்டிக்கு மேல் மாடியில் இருந்த இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினேன். நாகமலை புதுக்கோட்டை பக்கம் மனித மனத்தை அளக்கிற ஒரு நிலையத்துக்கு உதவியாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது, மனுப் போட்டேன், கிடைத்தது. மனத்தை எப்படி அளப்பார்கள் என்று அம்மா கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. படியா, முழமா என்று நானும் அவளும் சிரித்துக்கொண்டோம்.

என் மேலதிகாரி வேதமுத்து சார். குட்டையான மனிதர். கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும், சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார். நான் பார்த்த வரை யாரையும் அவர் நன்றாகச் செய்தாய் என்று சொன்னதில்லை, தப்பு என்று திட்டியதும் இல்லை. ஒரே கேள்விதான் கேட்பார். "எதனால?" மழை வரும் போலிருக்கிறது சார் என்றால், "எதனால சொல்றீங்க மிஸ் பேச்சியம்மாள்?" என்பார். முதல் ஆறு மாதம் எனக்கு அழுகையாக வந்தது. பிறகு வீட்டில் நானே அம்மாவிடம் எதனால, எதனால என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் சார் கையில் எடுத்த கேள்வி சின்னது. ஒரு மனிதன் தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தன் மூச்சைக் கவனித்தால், மற்ற வேலைகளிலும் அவன் கவனம் கூடுமா? தூக்கம், கோபம், பசி இதெல்லாம் சீராகுமா? சாமியார்கள் கூடும் என்றுதான் சொல்வார்கள். "அவுங்க சொல்லட்டும். நாம எண்ணிப் பாப்போம்" என்றார் சார்.

எண்ணிப் பார்க்கப் பதினாறு பஸ் டிரைவர்கள் கிடைத்தார்கள். டவுன் பஸ் ஓட்டுகிற ஒரு கம்பெனி அனுப்பியது. கவனம் சிதறித் தப்புப் பண்ணியதாக ஷெட் வேலைக்கு இறக்கப்பட்டவர்கள் அதில் பாதி. அவர்களுக்கு மட்டும் கம்பெனியின் நலன் அதிகாரி ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆறு வாரம் முடிந்து நிலையம் தருகிற முடிவைப் பார்த்துத்தான் திரும்ப ஸ்டியரிங் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பார்களாம். சாருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வேறு யார் பதினாறு ஆளை வேலை நேரத்தில் அனுப்புவார்கள்? ஒத்துக்கொண்டார்.

சோதனை இரண்டு. ஒரு தாள் நிறைய எழுத்துகள் நெருக்கி அச்சடித்திருக்கும், மேலே மாதிரிக்குக் காட்டிய 'ட' வருகிற இடமெல்லாம் பென்சிலால் அடிக்க வேண்டும். இன்னொன்று விளக்குப் பலகை. சிவப்பு, மஞ்சள், பச்சை பல்புகள் முறையில்லாமல் எரியும், சிவப்புக்கு மட்டும் கட்டையை அழுத்த வேண்டும். நாற்பது நிமிஷம். "முதல் பத்து நிமிஷம் யாருக்கும் கவனம் இருக்கும். அதுக்கப்புறம் மிஞ்சுறதுதான் கணக்கு" என்பார் சார். தூக்கம், கோபம் பற்றிய கேள்விகளை நான் வாசிப்பேன், அவர்கள் வாயால் பதில் சொல்வார்கள்.

டிரைவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்தார் சார். எட்டுப் பேர் கிழக்கு அறையில் இருபது நிமிஷம் மூச்சைக் கவனிப்பார்கள். எட்டுப் பேர் மேற்கு அறையில் அதே இருபது நிமிஷம் புத்தகம் வாசிப்பார்கள். சும்மா ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தாலே கவனம் கூடிவிடுகிறதா என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த வாசிப்புக் குழு. புத்தகம் ஆளை இழுக்கவும் கூடாது, தூங்க வைக்கவும் கூடாதாம். சினிமாப் பத்திரிகை வேண்டாம், தொடர்கதை வேண்டாம் என்று தள்ளித் தள்ளிக் கடைசியில் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு கட்டு விவசாய வெளியீடுகளை வாங்கி வந்தார். யார் எந்த அறை என்பது எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் என்னை அறியாமலேயே ஒருத்தருக்கு இளகிவிடுவேனாம். அவர்களுக்குப் பெயர் கிடையாது, சட்டையில் குத்திய எண்தான்.

ஒன்பதாம் எண்காரரின் பெயர் மாயாண்டி என்பதே எனக்கு அவராகச் சொல்லித்தான் தெரியும். நாற்பதை ஒட்டிய வயது. என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் டீச்சர் இல்லை அண்ணே என்று நாலைந்து தடவை சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்பார்.

முதல் நாள் விளக்குப் பலகையில் அவருடைய கணக்கு படுமோசம். பத்து நிமிஷம் தாண்டியதும் பார்வை பல்பில் இருக்கிறது, ஆள் இல்லை. சிவப்பு எரிகிறது, கை அசையவில்லை. ஏன் ஷெட்டுக்கு அனுப்பினார்கள் என்று கேள்வித்தாளில் ஒரு இடம் உண்டு. அதற்கு அவர் சொன்னது இதுதான்.

"சமயநல்லூர் தாண்டிப் போறப்ப ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க ஓடியாந்துச்சு. அது பின்னாலயே ஒரு பொம்பளப்பிள்ள. பிரேக்க மிதிச்சேன். குட்டி செத்துப்போச்சு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல டீச்சர், பாவாடையில மண்ணு ஒட்டுனதோட சரி. ஆனா அன்னையில இருந்து வண்டியில உக்காந்தா அந்தப் பிள்ளதேன் ஓடியாருது. ஸ்டாப்பு வாரது தெரிய மாட்டேங்குது. மூணு ஸ்டாப்பு நிக்காமப் போயிருக்கேன். கண்டக்டர் விசில் ஊதி ஊதி வாய் வலிச்சுப்போனான்."

கேள்வித்தாளில் "கவனச் சிதறல்" என்று ஒரு சொல்லில் எழுதிக்கொண்டேன்.

நாலாவது வாரம் எல்லாம் குழம்பியது. வாசிப்பு அறையை மேற்பார்த்த ஆராய்ச்சி மாணவருக்கு அம்மை போட்டுவிட்டது. வேறு ஆள் இல்லை. சார் அரை நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "கடிகாரத்தை மட்டும் பாருங்க. ஆளைப் பாக்காதீங்க. பேச்சு வேண்டாம்" என்றார். எட்டு ஆளோடு ஒரே அறையில் இருபது நிமிஷம் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. சாருக்கும் தெரிந்திருக்காது.

மற்ற ஏழு பேரும் உதடு அசைய வாசித்தார்கள், பக்கம் புரட்டினார்கள், கொட்டாவி விட்டார்கள். ஒன்பதாம் எண்காரர் மட்டும் பக்கம் புரட்டவில்லை. தூங்கவும் இல்லை. அட்டையில் தென்னையும் வண்டும் படம் போட்ட வெளியீடு. அதன் ஒரே பக்கத்தை விரித்து, ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் ஒவ்வொருவரும் வாசித்ததில் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், நான் டிக் போட வேண்டும். அவர் முறை வந்தது.

"தென்னையில வார வண்டுங்க" என்றார்.

பழைய தாள்களைப் புரட்டினேன். முதல் வாரத்திலிருந்து வண்டு, வண்டு, வண்டு. அந்த மாணவர் அத்தனைக்கும் டிக் போட்டிருந்தார். அடுத்த நாள் நான் நெல் பற்றிய வெளியீட்டை நீட்டினேன். "அந்த வண்டுப் புத்தகமே குடுங்க டீச்சர்" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "இம்புட்டு நாளா படிக்கிறீங்களே அண்ணே, அந்த வண்டை எப்படிக் கொல்லணுமாம்?" என்று கேட்டேன்.

கேலியாகத்தான் கேட்டேன். அவர் முகம் வெளிறிப்போனது. மற்ற டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"டீச்சர், ஒரு வார்த்த. பேரு மட்டும் எழுதுவேன். நம்பரு தெரியும், ரூட்டு தெரியும். வாசிக்க வராது. எட்டாங்கிளாஸ் சர்டிபிகேட்டு வேற ஆளோடது. கம்பெனியில தெரிஞ்சா ஷெட்டு வேலையும் போயிரும். பதினோரு வருசமா ஓட்டுறேன்."

"மொத நாளே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே."

"படிச்சவுக குடுக்குறப்ப எப்படி வேணாம்ங்கிறது?"

அதற்கு மேல் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஏனென்றால் மூன்றாம் வாரச் சோதனையில் அவருடைய விளக்குக் கணக்கு மளமளவென்று ஏறியிருந்தது. பதினாறு பேரில் அந்த அளவுக்கு ஏறினவர் வேறு யாரும் இல்லை. நான்தான் இரண்டு தடவை சரிபார்த்தேன். "அந்த இருபது நிமிஷமும் என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். அந்தப் பக்கத்துல ஒரு எழுத்து இருக்கு. அதப் பாத்துக்கிட்டே இருப்பேன். கொஞ்ச நேரத்துல அந்தப் பிள்ள ஓடியாரும். மனசு அது பின்னாலயே போயிரும். போயிருச்சேன்னு தெரிஞ்சதும் திரும்ப எழுத்துக்கு வந்துருவேன். மறுபடி ஓடியாரும், மறுபடி வருவேன். அம்புட்டுத்தேன்."

கிழக்கு அறைக்காரர்களுக்குக் கொடுத்த பயிற்சித் தாளை நகல் எடுக்க ஸ்டென்சிலில் டைப் அடித்ததே நான்தான். மனம் வேறு எங்காவது போகும், போனது தெரிந்ததும் கோபிக்காமல் மூச்சுக்குத் திருப்பிக் கொண்டு வாருங்கள், எத்தனை தடவை போனாலும் இதையே செய்யுங்கள் என்று சார் எழுதியிருந்தார். மூச்சு இருந்த இடத்தில் இவருக்கு ஒரு எழுத்து. வாசிப்புக் குழுவில் உட்கார்ந்துகொண்டு, யாரும் சொல்லித் தராமல், எதிர்க் குழுவின் பயிற்சியை இவர் செய்துகொண்டிருந்தார்.

இரண்டு நாள் இதையே மாற்றி மாற்றி யோசித்தேன். சொல்லாவிட்டால் சாருடைய ஆராய்ச்சி பாழ். சொன்னால் அந்த மனுஷன் பிழைப்பு பாழ். மூன்றாம் நாள் சார் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்டாப்வாட்ச் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே கேட்டார். எதனால என்று கேட்கவில்லை.

"அவர் உங்ககிட்ட சொன்னது தகவலா, ரகசியமா?" என்றார்.

"தெரியல சார்."

"எனக்கும் தெரியல" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. பயமாக இருந்தது.

ஒன்பதாம் எண்ணை வைத்துக்கொள்ள முடியாது. நீக்கினால் காரணம் எழுத வேண்டும், அந்தத் தாளின் நகல் கம்பெனிக்குப் போகும். மறுநாள் காலை தான் எழுதியதை என்னிடம் காட்டினார். "சோதனை உதவியாளர் விதிமுறையை மீறி உரையாடியதால் எண் ஒன்பது நீக்கப்படுகிறது." கீழே எனக்கு ஒரு மெமோ.

"இதுல பொய் இருக்கா மிஸ் பேச்சியம்மாள்?"

"இல்ல சார்."

கையெழுத்துப் போட்டேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. என் கூட வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் பதவி உயர்வு வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்கு வந்தது. அந்த மெமோதான் காரணமா என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை.

ரகசியம் பிழைத்தது என்று மூச்சு விட்டால், ஆறு வாரம் முடிந்த கையோடு மாயாண்டி அண்ணன் வாசலில் நிற்கிறார். "எல்லாத்துக்கும் ரிசல்ட்டு வந்துருச்சு. எனக்கு மட்டும் இல்லங்குறாக. நான் பாஸா, பெயிலா டீச்சர்?" ஆராய்ச்சியிலிருந்து நீக்கியாயிற்று. நீக்கினவருக்கு முடிவு கிடையாது. முடிவு இல்லாவிட்டால் ஸ்டியரிங் கிடையாது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் வழியை நானே அடைத்திருந்தேன்.

சாரிடம் ஓடினேன். சண்டை போட்டேன் என்றே சொல்லலாம். கடைசியில் அவர், ஆராய்ச்சிக் கணக்கில் சேராமல் தனியாக ஒரு தடவை விளக்குச் சோதனை வைக்கலாம், கம்பெனி அதிகாரியே வந்து பார்க்கட்டும் என்றார்.

அன்று அதிகாரி நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சார் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். முதல் பத்து நிமிஷம், இருபது நிமிஷம், ஒரு சிவப்பைக்கூட மாயாண்டி அண்ணன் விடவில்லை. இருபத்தைந்தாவது நிமிஷம் இருக்கும், மலையடிவாரத்தில் மேய்ந்துவிட்டுத் திரும்பிய ஆடுகள் ஜன்னலை ஒட்டி வந்தன. ஒரு குட்டி கத்தியது. நான் பென்சிலை இறுக்கிப் பிடித்தேன். அவர் கை கட்டைமேல் நின்றுவிட்டது. சிவப்பு எரிந்தது. அணைந்தது.

போச்சு என்று நினைத்தேன். அவர் ஒரு மூச்சு இழுத்தார். அடுத்த மஞ்சளுக்கு அசையவில்லை, அடுத்த சிவப்புக்கு அழுத்தினார். ஆடுகள் அடுத்த ஜன்னல் வரை கத்திக்கொண்டே போயின. நாற்பது நிமிஷம் முடிகிற வரை வேறு ஒன்றும் தவறவில்லை.

அந்த ஒரு தவறை எழுதுவதா என்று என் பென்சில் ஒரு கணம் நின்றது. சார் என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன். இந்த ஆளின் வண்டி முன்னால் நாளைக்கு இன்னொரு பிள்ளை ஓடி வரலாம். எனக்கு அந்தப் பயமும் இருந்தது.

அதிகாரி தாளைப் பார்த்தார். "ஒண்ணு விட்டுப்போச்சே?"

"ஆமாங்க. போச்சு. திரும்ப வந்துருச்சு" என்றார் மாயாண்டி அண்ணன்.

அதிகாரி சாரிடம் திரும்பினார். "நல்லாத் தேறியிருக்காரு. மூச்சுப் பயிற்சியா சார்?"

"இல்ல."

"அப்ப அந்தப் புத்தகம் வாசிச்சதாலயா?"

"இல்ல."

"பின்ன எதனால சார்?"

சாரைப் பார்த்து ஒருவர் எதனால என்று கேட்டதை அன்றுதான் கேட்டேன். சார் ஸ்டாப்வாட்சைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். "தெரியாது. எண்ணினது இது. முடிவு நீங்க பண்ணுங்க" என்றார். அதிகாரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். பத்து நாளில் மாயாண்டி அண்ணனுக்கு ரூட் கிடைத்தது.

ஆராய்ச்சி பதினைந்து பேரோடு முடிந்தது. மூச்சுக் குழு கொஞ்சம் மேலே இருந்தது. அது நிஜ வித்தியாசமா, தற்செயலா என்று அறுதியிட ஆள் போதவில்லை என்று சார் எழுதினார். ஒன்பதாம் எண் எங்கேயும் இல்லை. எனக்குத் தெரிந்து அந்தப் பயிற்சியை ஒழுங்காகச் செய்த ஆள் அவர் ஒருத்தர்தான். அவரை விட்டுவிட்டு எழுதிய முடிவு எந்த வகையில் முடிவு என்று சாரிடம் கேட்டேன். "அதையும் எழுத ஒரு வழி இருந்தா எழுதியிருப்பேன்" என்றார்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் சிம்மக்கல்லில் பஸ் ஏறினேன். ஸ்டியரிங்கில் அவர். வழி நெடுக நான் ஜன்னலைப் பார்க்கவே இல்லை, அவர் கையைத்தான் பார்த்தேன். ஒரு நிறுத்தமும் தவறவில்லை. வண்டி கடைசி நிறுத்தத்தில் நின்றதும் என்னைக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். வண்டுப் புத்தகத்தின் பக்கம். கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்.

"கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர். இதுல என்னா எழுதியிருக்கு?"

வாசித்தேன். வண்டு குருத்துக்குள் இருக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது, ஓலை விரிந்த பிறகுதான் வெட்டுத் தெரியும் என்று போட்டிருந்தது. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஓரத்தில் விரல் வைத்தார். "நான் பாத்துக்கிட்டு இருந்தது இத. இது என்னா எழுத்து?"

குனிந்து பார்த்தேன். அது எழுத்தே இல்லை. அச்சடிக்கும்போது மை தெறித்துச் சுழித்துக் காய்ந்த கறை. சொல்வதா வேண்டாமா என்று திணறினேன். கடைசியில், "இது எழுத்து இல்லண்ணே. மை சிந்தினது" என்றேன்.

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "நல்லவேள டீச்சர். எழுத்தா இருந்து, எனக்கு வாசிக்கவும் தெரிஞ்சிருந்தா, அது என்னமாச்சும் அர்த்தத்தச் சொல்லி மனச இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்" என்றார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் விசில் ஊதினார். "வாரேன் டீச்சர்" என்று வண்டியைத் திருப்பினார்.

நான் அங்கேயே நின்று பார்த்தேன். சற்றுத் தள்ளி ஒரு நிறுத்தம். ஏற அங்கே யாரும் இல்லை. இறங்கவும் வண்டிக்குள் ஆள் இல்லை. கண்டக்டர் விசில்கூட ஊதவில்லை. ஆனாலும் பஸ் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றுவிட்டுப் பிறகு போனது. அவருக்குக் குணமாகிவிட்டதா, அல்லது அது வேறொரு நோயா என்று யோசித்துக்கொண்டே நான் நிலையத்துக்கு நடந்தேன். நீல வட்டத்தைக் காட்டிய அந்தப் பெண்கள் அடுத்த தடவை வந்தால் இதை அவர்களிடமே கேட்கலாம் என்றிருக்கிறேன்.